ஆத்தில போட்டாலும் அளந்து போடு: அஃபிலியேட் விளம்பரமும் எங்கட கைக்காசும்

வேலை தேடித் திரியிற ஒருவர் கைத்தொலைபேசியைத் திறந்தால் வேலை விளம்பரத்துக்கு முன்னால் வந்து நிற்பது, வேலையே தேவையில்லை என்று சொல்லும் விளம்பரம். "வீட்டில இருந்தே டொலரில உழைக்கலாம்." "லிங்கைப் போட்டுவிட்டால் நித்திரை கொள்ளேக்கையும் காசு வரும்." இதில் கனக்க அஃபிலியேட் மார்க்கெட்டிங் பற்றியவை. இதைப் பற்றி எங்கட ஆக்களிடம் பெரும்பாலும் இரண்டு கருத்துத்தான் இருக்கிறது. ஒரு பக்கம், எல்லாம் கள்ளவேலை என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் பெரியவர்கள். மற்றப் பக்கம், இதுதான் விடிவு என்று அம்மாவின் சங்கிலியை அடைவு வைக்கவும் தயாராக நிற்கும் இளையவர்கள்.

எங்களுக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. அஃபிலியேட் ஒரு தொழில். கணக்குத் தெரிந்தால் நேர்மையாகவே செய்யலாம். ஆனால் காசு கட்டி விளம்பரம் போட்டு அதைச் செய்வது, கையில் மிச்சக்காசு இல்லாத ஒருவர் முதலில் இறங்கவேண்டிய தொழில் இல்லை. இந்த இரண்டையும் ஒருமிக்கச் சொல்லுறவை குறைவு. அதனால் நாங்கள் சொல்லுறம், ஏன் என்றும் காட்டுறம்.

தரகர் வேலைதான், ஆனால்...

அஃபிலியேட் என்றால் தரகர். கலியாணத் தரகரைப் போல, பேச்சுச் சரிவந்தால்தான் காசு. ஒரு கடை உங்களுக்கென்று ஒரு லிங்க் தரும். அந்த லிங்கால் போய் ஒருவர் பொருள் வாங்கினால் விலையில் ஒரு வீதம் உங்களுக்கு. அமேசான் 1996இல் தன் அசோசியேட்ஸ் திட்டத்தைத் தொடங்கியபோதும் இதுதான் வழிமுறை. இன்று இலங்கையில் டராஸ் நடத்தும் அஃபிலியேட் திட்டமும் அடிப்படையில் இதுதான். லிங்கை அழுத்தியவரின் பிரவுசரில் குக்கீ என்ற சின்ன அடையாளம் பதியும். அது எவ்வளவு நேரம் செல்லும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். அமேசானில் 24 மணித்தியாலம். உங்கட லிங்கால் போனவர் சும்மா பார்த்துவிட்டு வந்து, மூன்று நாள் கழித்துத் தானாகவே போய் வாங்கினால் உங்களுக்கு ஒரு சதமும் இல்லை.

இந்தத் தரகு வேலையை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, நீங்களே எழுதி, வீடியோ போட்டு, நம்பிக்கையைச் சம்பாதித்து, உங்களைப் பின்தொடர்பவர்களுக்கு ஒரு பொருளைப் பரிந்துரைப்பது. இதுக்குக் காசு குறைவு, காலம் கூட. மற்றது, பேஸ்புக்கிலோ கூகுளிலோ காசு கட்டி விளம்பரம் போட்டு ஆக்களை இழுப்பது. இரண்டாவதில் நீங்கள் தரகர் மட்டுமில்லை, கிளிக்கை விலைக்கு வாங்கி, அது விற்பனையாக மாறும் என்று பந்தயம் கட்டுகிற வியாபாரி. கடைக்காரருக்கு நட்டமில்லை, விற்ற பிறகுதான் அவர் தரகு தருகிறார். விளம்பரம் விற்கும் கம்பனிக்கும் நட்டமில்லை. யாரும் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் காசைக் கழித்துவிடும். இந்த மூன்று பேரில் நட்டப்படக்கூடிய ஆள் நீங்கள் மட்டும்தான்.

தெரிவு: முதலில் கொப்பியில் கணக்கு

எந்தப் பொருளுக்கு விளம்பரம் போடுவது என்று கேட்டால், கனபேர் "எது நல்லாப் போகுது" என்றுதான் தேடுகிறார்கள். முதல் கேள்வி அது இல்லை. ஒரு கிளிக்குக்கு நான் ஆகக்கூடியது எவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான் முதல் கேள்வி. விடைக்கு ஒரு பெருக்கல் போதும்: ஒரு விற்பனைக்குக் கிடைக்கும் தரகை, நூறு கிளிக்கில் எத்தனை பேர் வாங்குவார்கள் என்ற வீதத்தால் பெருக்குங்கோ.

உதாரணத்துக்கு, 10,000 ரூபாப் பொருள். தரகு 5 வீதம். ஒரு விற்பனைக்கு 500 ரூபா. நூறு பேர் அழுத்தி ஒருவர் வாங்கினால் ஒரு கிளிக்கின் பெறுமதி 5 ரூபா. விளம்பரத்தில் ஒரு கிளிக்குக்கு 10 ரூபா போகுது என்றால், நூறு கிளிக்குக்கு 1,000 ரூபா கட்டி 500 ரூபா எடுக்கிறீர்கள். விளம்பரப் படத்தை எவ்வளவு வடிவாகச் செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது. நூறில் இரண்டு பேர் வாங்கினால்தான் கையைக் கடிக்காது. மூன்று பேர் வாங்கினால்தான் ஏதாவது மிஞ்சும். இந்த ஒரு கணக்கை ஒற்றைத் தாளில் போட்டுப் பார்த்தாலே முக்கால்வாசித் திட்டங்கள் காசு கட்டிய விளம்பரத்துக்குச் சரிவராது என்று விளங்கும். அதுவும் ஒரு சதமும் செலவழியாமல்.

தரகு வீதமும் கல்லில் வெட்டின எழுத்து இல்லை. 2020 ஏப்ரலில் அமேசான் தளபாடத்துக்கும் வீட்டுத் திருத்தப் பொருட்களுக்குமான தரகை 8 வீதத்திலிருந்து 3 வீதமாக வெட்டியது. பலசரக்குக்கு 5 இலிருந்து 1. அறிவித்து ஒரு கிழமைக்குள் நடைமுறைக்கும் வந்தது. 100 டொலர்த் தளபாடத்தை எடுத்துக்கொள்ளுங்கோ. நூறில் இரண்டு பேர் வாங்குகிறார்கள், ஒரு கிளிக்குக்குப் 10 சதம் போகுது என்று வைப்பம். பழைய வீதத்தில் ஒரு கிளிக்கின் பெறுமதி 16 சதம், 6 சதம் லாபம். புதிய வீதத்தில் பெறுமதி 6 சதம், 4 சதம் நட்டம். விளம்பரம் அதே விளம்பரம், வாங்குகிறவரும் அதே ஆள். மாறினது தரகு மட்டும்தான். அடுத்தவன் காணியில் வீடு கட்டினால் வாசல் எப்ப பூட்டுப்படும் என்று எங்களுக்குத் தெரியாது.

கணக்கு ஒத்துவந்தாலும் கேட்கவேண்டிய கேள்விகள் இன்னும் இருக்கு. இந்தத் திட்டம் காசு கட்டிய விளம்பரத்தை அனுமதிக்குதா? அமேசான் 2009 மே மாதத்திலிருந்து, வட அமெரிக்காவில், தேடல் விளம்பரம் போட்டு நேரே தன் தளத்துக்கு ஆள் அனுப்புபவர்களுக்குத் தரகு கொடுப்பதை நிறுத்தியது. விதியை வாசிக்காமல் இறங்கினால் விற்பனை நடக்கும், தரகு வராது. அடுத்தது, வாங்கினவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் என்ன? பெரும்பாலும் தரகும் திரும்பிப் போகும். அதனால்தான் கனக்கத் திட்டங்கள் ஒரு மாதம் இரண்டு மாதம் வைத்திருந்துதான் காசு விடும். ஆனால் விளம்பரக் காசு இன்றைக்கே உங்கட கார்டில் கழியும். இந்த இடைவெளியை எந்தக் காசால் நிரப்பப் போறீர்கள்? கடனட்டை என்றால் அதன் வட்டியையும் கணக்கில் எழுதுங்கோ.

இலங்கையில் இருந்து செய்பவருக்கு இன்னொரு சில்லெடுப்பு உண்டு. விளம்பரச் செலவு டொலரில், உள்ளூர்க் கடை தரும் தரகு ரூபாவில். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதம் 360 ரூபாவைத் தொட்டதை நாங்கள் எல்லாரும் வரிசையில் நின்று அனுபவித்தோம். அந்த மாதங்களில் டொலரில் கட்டி ரூபாவில் எடுத்தவரின் கணக்கு என்னவாகியிருக்கும் என்று நினைச்சுப் பாருங்கோ. செலவும் வரவும் ஒரே நாணயத்தில் இருப்பதைத் தெரிவுசெய்வது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை.

பரிசோதனை: ஒரு சோறு பதம் ஆகாது

கொப்பியில் தப்பின திட்டத்தைத்தான் விளம்பரத்தில் சோதிக்கவேணும். எங்கட ஆக்கள் கூடுதலாகக் காசைத் தொலைப்பது இந்த இடத்தில்தான். காரணம், ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம் என்ற பழக்கம். சோத்துக்கு அது சரி, ஏனென்றால் பானை முழுக்க ஒரே தண்ணியில், ஒரே நெருப்பில் வெந்தது. கிளிக் அப்படியில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆள்.

உண்மையில் நூறில் ஒருவர் வாங்கக்கூடிய நல்ல விளம்பரம் ஒன்று இருக்குது என்று வைப்பம். அதுக்கு நூறு கிளிக் வாங்கினால், ஒரு விற்பனையும் நடக்காமல் போகும் வாய்ப்பு எவ்வளவு? கிட்டத்தட்ட 37 வீதம். அதாவது மூன்றுக்கு ஒரு தடவைக்கு மேல், நல்ல விளம்பரமே செத்த விளம்பரம் மாதிரித் தெரியும். முந்நூறு கிளிக் வரைக்கும் போய், அப்போதும் ஒன்றும் விற்கவில்லை என்றால்தான் "இது நூறுக்கு ஒன்று தேறாது" என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். அந்த நேரத்தில் நாங்கள் பிழையாகச் சொல்லும் வாய்ப்பு 5 வீதம் அளவுக்குக் குறைந்திருக்கும். புள்ளிவிபரவியலில் இதை மூன்றின் விதி என்பார்கள்: ஒன்றும் நடக்காத முயற்சிகளின் எண்ணிக்கையால் மூன்றைப் பிரித்தால், உண்மையான வீதம் ஆகக்கூடியது எவ்வளவாக இருக்கும் என்று வரும். உயர்தரத்தில் கணிதம் படித்தவர்களுக்கு இது அஞ்சு நிமிச வேலை.

இனி மறுபக்கம். ஆயிரத்தில் இரண்டு பேர் மட்டுமே வாங்கும் மோசமான விளம்பரம். அதுக்கும் நூறு கிளிக்கில் ஒரு விற்பனையாவது விழும் வாய்ப்பு 18 வீதம். இப்படிப்பட்ட இருபது விளம்பரங்களை நூறு நூறு கிளிக்காகச் சோதித்தால் மூன்று நாலு "வெற்றி" மாதிரித் தெரியும். அதைப் பார்த்துத்தான் "பிடிச்சிட்டன்" என்று மிச்சக்காசு முழுவதையும் அதில் கொட்டுகிறார்கள். அடுத்த கிழமை அது விற்காது. அல்கோரிதம் மாறிவிட்டது என்று பழி போடுவார்கள். மாறினது ஒன்றுமில்லை, முதலில் விழுந்தது அதிர்ஷ்டம். வென்ற விளம்பரத்தைப் புதுக்காசில், அதே அளவில், இன்னொரு தடவை சோதிக்காமல் பெருப்பிக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் ஆகப் பெரிய ஒழுக்கம்.

ஒழுக்கம் என்று சொன்னதால் மற்றதையும் சொல்லிவிடுறம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாத்துங்கோ. படம், தலைப்பு, வயதெல்லை மூன்றையும் ஒருமிக்க மாத்தினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தனித்தனி அடையாள இலக்கம் வையுங்கோ. பெரும்பாலான திட்டங்கள் லிங்கின் கடைசியில் அதைச் சேர்க்க விடும். இல்லாவிட்டால் விற்பனை எந்த விளம்பரத்தால் வந்தது என்பது குத்துமதிப்புத்தான். மலிவு கிளிக்கைக் கண்டு சந்தோஷப்படாதீர்கள். சின்னப்பிள்ளை கேம் விளையாடும்போது விரல் பட்ட கிளிக்கும் கிளிக்தான்.

பேஸ்புக் தானே ஆளைக் கண்டுபிடித்துத் தரும் என்பதும் பாதி உண்மைதான். அது படிக்கிறதுக்கு, ஒரு விளம்பரத் தொகுதிக்குக் கிழமைக்கு 50 அளவில் நீங்கள் விரும்பும் விளைவு நடக்கவேணும் என்று மெட்டா கம்பனியே சொல்லுது. அஃபிலியேட்டின் விற்பனை அடுத்தவர் கடையில் நடப்பதால், அங்கே உங்கட பிக்சலைப் போடப் பெரும்பாலும் விடமாட்டார்கள். ஆகவே பேஸ்புக்குக்குத் தெரிவது கிளிக் மட்டும். அது தேடித் தருவதும் வாங்குகிறவரை இல்லை, அழுத்துகிறவரை. 2021 ஏப்ரலில் ஆப்பிள் ஐபோனில் பின்தொடர அனுமதி கேட்கவேணும் என்று கட்டாயமாக்கிய பிறகு, பெரிய கம்பனிகளுக்கே விற்பனை எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது சிக்கலாகிவிட்டது. 2,000 ரூபாவோடு இறங்குகிற எங்களுக்கு எப்படியிருக்கும்?

ஈபே நிறுத்திப் பார்த்த கதை

பெரிய ஆக்கள் எல்லாம் தெரிந்துதான் செய்வார்கள் என்ற நினைப்பும் வேண்டாம். ஈபே கம்பனி, தன் பெயரைக் கூகுளில் தேடுகிறவர்களுக்கே தன் விளம்பரத்தைக் காட்டக் காசு கட்டிக்கொண்டிருந்தது. அறிக்கையில் அது அமோகமாகத் தெரிந்தது. விளம்பரத்தை அழுத்துகிறார்கள், வந்து வாங்குகிறார்கள். 2012இல் அங்கே வேலை செய்த பொருளியலாளர்கள் தோமஸ் பிளேக், கிறிஸ் நொஸ்கோ, ஸ்டீவன் டடெலிஸ் ஆகியோர் இதைச் சோதித்தார்கள். யாஹூ, எம்.எஸ்.என். தேடல்களில் அந்த விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தார்கள். விளம்பரத்தால் வந்த ஆக்களில் 99.5 வீதமானோர் விளம்பரம் இல்லாமலும் வந்தார்கள். அதுக்குக் கீழே இருந்த சாதாரண தேடல் முடிவை அழுத்தினார்கள், அவ்வளவுதான். அந்த ஆய்வு 2015இல் எக்கொனொமெட்ரிக்கா இதழில் வந்தது.

இந்தக் கதை அஃபிலியேட் செய்பவருக்கு ஏன் முக்கியம்? ஏற்கெனவே வாங்க முடிவெடுத்தவரை வாசலில் மறித்து, "நான்தான் கூட்டிவந்தன்" என்று தரகு கேட்பது இந்தத் தொழிலில் உள்ள ஒரு குறுக்கு வழி. கடையின் பெயரையே தேடல் விளம்பரத்தில் வாங்குவது அப்படித்தான். கணக்கு அழகாக வரும், ஆனால் கடைக்காரருக்கு நீங்கள் புதிதாக ஒருவரையும் கொண்டுவரவில்லை. அதனால்தான் கனக்கத் திட்டங்கள் அதைத் தடை செய்திருக்கின்றன. பிடிபட்டால் கணக்கை மூடி, சேர்ந்த தரகையும் மறிப்பார்கள். ஆகவே தெரிவுசெய்யும்போது ஒரு கேள்வி: நான் இல்லாவிட்டாலும் இந்த ஆள் இதை வாங்கியிருப்பாரா? ஆம் என்றால் அந்த வருமானம் நிலைக்காது.

உண்மையான வியாபாரம் எது?

இவ்வளவையும் யோசித்துப் பார்த்தால் ஒரு விசயம் வெளிச்சமாகும். ஒரு விளம்பரத்துக்கு முந்நூறு கிளிக், கிளிக்குக்குப் 10 ரூபா என்றால் 3,000 ரூபா. பத்து விளம்பரம் சோதித்தால் 30,000 ரூபா. இதில் ஒன்று தேறலாம், ஒன்றுமே தேறாமலும் விடலாம். இது முதலீடு இல்லை, படிப்புச் செலவு. படிப்புச் செலவைத் தாங்கக்கூடியவர் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் "அஃபிலியேட் சொல்லித் தாறம்" என்று வகுப்பு நடத்துகிறவர்களில் எத்தனை பேர் இந்த 30,000 ரூபாவைப் பற்றி முதல் நாளே சொல்கிறார்கள்? வகுப்புக் காசு அவர்களுக்கு உங்கட விளம்பரம் வென்றாலும் வரும், தோற்றாலும் வரும். வருமானத் திரைப்பிடிப்பைக் காட்டினால், செலவுத் திரைப்பிடிப்பையும் காட்டச் சொல்லுங்கோ. வரவு மட்டும் எழுதின கணக்குக் கொப்பியை ஊர்ச் சங்கக் கூட்டத்திலேயே நாங்கள் ஏற்கிறதில்லை.

இன்னும் மோசமானது, பொருளே இல்லாத திட்டம். "நீங்கள் சேருங்கோ, பிறகு மூன்று பேரைச் சேருங்கோ" என்று ஆள் சேர்ப்பதற்கே காசு தந்தால் அது அஃபிலியேட் இல்லை, பிரமிட். இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டம் அதைத் தடை செய்கிறது. தொடங்குகிறவருக்கு மட்டுமில்லை, நடத்த உதவுகிறவருக்கும் அது குற்றம். வித்தியாசம் பார்க்க ஒரே கேள்வி போதும்: காசு எங்கிருந்து வருது? பொருள் வாங்கின ஆளிடமிருந்தா, புதிதாகச் சேர்ந்த ஆளிடமிருந்தா?

அழுத்துகிறவரும் எங்கட ஆள்தான்

காசுக் கணக்கைத் தாண்டி எங்களுக்கு ஒரு மனவருத்தம் இருக்கு. கூடுதல் தரகு தரும் பொருட்களைத் தேடிப்போனால் போய் நிற்பது பெரும்பாலும் சூதாட்டத் தளம், உடனடிக் கடன், உடம்பு மெலியும் மருந்து, சலரோகத்தை மாத்தும் பவுடர் ஆகியவற்றில்தான். தரகு ஏன் அவ்வளவு கூட என்று யோசியுங்கோ. தானாகத் தேடிவந்து வாங்க ஆள் குறைவு, ஒருமுறை சிக்கினவரிடம் எடுக்கக்கூடியதும் கூட. தமிழில் விளம்பரம் எழுதி, வடக்குக் கிழக்குக்கும் மலையகத்துக்கும் என்று இலக்கு வைத்தால், அதை அழுத்தப்போறது யார்? பக்கத்து வீட்டு அன்ரி. கடனில் இருக்கும் பக்கத்து ஊர் அண்ணா. நாங்கள் எழுதும் நல்ல தமிழ் அவர்களை நம்பவைக்கும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

லிங்கால் எனக்குத் தரகு வரும் என்று வெளிப்படையாகச் சொல்லவேணும் என்பது அமெரிக்காவில் விதி. இங்கேயும் 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வியாபாரத்தில் மக்களைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கோ. "இதில் எனக்குச் சின்னத் தரகு உண்டு" என்று ஒரு வரி எழுதினால் விற்பனை படுத்துவிடும் என்றால், அந்தப் பொருளில்தான் பிழை இருக்கு.

சரி, என்ன செய்யிறது? முதலில் காசில்லாத வழியில் தொடங்குங்கோ. நீங்களே பாவித்த ஒரு பொருளைப் பற்றி நேர்மையாக எழுதுங்கோ, வீடியோ போடுங்கோ. நூறு பேர் அழுத்தி எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்ற அந்த முக்கியமான எண் காசு கட்டாமலே கைக்கு வரும். காசு கட்டி ஆள் இழுத்தால் அந்த எண் கொஞ்சம் குறையும் என்றும் வைத்துக் கணக்குப் போடுங்கோ. பிறகும் விளம்பரம் போடத்தான் வேணும் என்றால், தொலைந்தால் வீட்டில் ஒருவருடைய சாப்பாடும் படிப்பும் குழம்பாத தொகையை மட்டும் எடுங்கோ. எவ்வளவு போனால் நிறுத்துவன் என்பதை விளம்பரம் போட முதலே திகதியோடு எழுதி வையுங்கோ. காசு கரையும்போது எடுக்கும் முடிவு நல்ல முடிவாக இராது. மெட்டாவின் விளம்பர நூலகத்தில் இப்போது ஓடும் விளம்பரங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மாதக்கணக்காக ஓடுகிற விளம்பரம் எது என்று அங்கே பார்த்துப் படியுங்கோ.

இன்னொரு வழியும் இருக்கு, அதுதான் எங்களுக்குக் கூடப் பிடித்தது. சோதித்துப் பார்த்துக் கணக்கு எழுதும் இந்தப் பழக்கத்துக்கு ஊரிலேயே தேவை இருக்கு. புடைவைக்கடை, கேக் செய்யிற அக்கா, பனம்பொருள் விற்கும் சங்கம் எல்லாம் பேஸ்புக்கில் பூஸ்ட் பட்டனை அழுத்திக் காசைக் கரைக்கிறார்கள். எது விற்றது, எது வீண் என்று அவர்களுக்குக் காட்டக்கூடிய ஒருவருக்குச் சம்பளம் கிடைக்கும், அனுபவமும் கிடைக்கும். பொருளும் கண்ணால் கண்ட பொருள், வாங்கினவர் முறைப்பாடு சொன்னாலும் நேரே கேட்கலாம்.

ஆத்தில போட்டாலும் அளந்து போடு என்று எங்கட ஆச்சிமார் சொன்னது செலவழிக்காதே என்று இல்லை. போடுறதுதான் என்றால் எவ்வளவு போட்டம் என்று தெரிஞ்சிருக்கவேணும் என்றுதான். விளம்பரம் போடப்போற தம்பி தங்கச்சிமாரே, லிங்கைத் திறக்க முதல் ஒரு கொப்பியைத் திறவுங்கோ.